கதவு நிலையில் நிற்பவன் தோற்கிறான்
உள்ளரங்க எயார்சொவ்ற் ஆட்டமும் அணி நுட்பங்களும்

ஐரோப்பிய நகரங்களின் ஓரங்களிலே கைவிடப்பட்ட தொழிற்சாலைகளும் பண்டகசாலைகளும் சில, இன்று வார இறுதி விளையாட்டரங்குகளாக மாறியுள்ளன. உள்ளே பலகைத் தட்டிகளால் அறைகளும் ஒடுங்கிய நடைவழிகளும் அமைக்கப்பட்டிருக்கும். முகக்கவசம் அணிந்த இரு அணியினர் ஆறு மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் மணிகளை ஒருவர்மீது ஒருவர் சுட்டு விளையாடுவர். எயார்சொவ்ற் எனப்படும் இவ்விளையாட்டு, பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதைச் சட்டம் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் ஜப்பானிலே பிறந்தது. ரோக்கியோ மருய் நிறுவனம் 1991 இல் மின்கலத்தால் இயங்கும் மாதிரியை விற்பனைக்கு விட்டபின் அது வேகமாகப் பரவிற்று.

வகுப்புத் தோழரோடு நம் பிள்ளைகளும் இதற்குச் செல்லக்கூடும். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுருங்கும் பெற்றோர் நம்மிடையே அநேகர். அதற்கு நியாயமும் உண்டு. ஆயினும் பிள்ளை விளையாடுவது எதுவென அறிந்து பேசுவது, அறியாது மறுப்பதிலும் நன்று.

திறந்த வெளியில் ஆடுவோருக்குத் தூரமும் மரங்களும் துணை. அறைகளுக்குள்ளோ எதிரி சில மீற்றர் தொலைவிலேயே இருப்பான். அங்கே குறிபார்க்கும் திறனைவிட, எவ்விடத்தில் நிற்கிறோம் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது. கதவு நிலை ஆகக் கெட்ட இடம். உள்ளே இருப்பவர் எத்தனை பேராயினும் அத்தனை பேரின் பார்வையும் அந்த ஒடுங்கிய இடைவெளியிலேயே குவிந்திருக்கும். புதியவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அங்கேயே தயங்கி நிற்பர்; ஒருவர்பின் ஒருவராகவே வெளியேறுவர்.

தேர்ந்த ஆட்டக்காரன் கதவை அணுகும்போது சுவரோடு ஒட்டிக்கொள்வதில்லை. சற்று விலகி நின்று, கதவு நிலையை மையமாகக் கொண்டு, அரைவட்டப் பாதையில் காலடி காலடியாக நகர்வான். ஒவ்வொரு அடிக்கும் அறையின் ஒரு கீற்று மட்டும் அவனுக்குத் தெரியவரும். அந்தக் கீற்றில் இருப்பவனோடு மட்டுமே அவன் மோதவேண்டியிருக்கும். துப்பாக்கியின் முனையோ முழங்கையோ தன் கண்ணுக்கு முன்னதாக வெளியே நீளாதபடி பார்த்துக்கொள்வான். இவ்வாறு பார்த்த பின்பும் கதவிருக்கும் சுவரின் இரு உள்மூலைகள் மறைந்தே இருக்கும். அவற்றுக்காகத்தான் இருவர் வேண்டும்.

முதலாமவன் ஒரு மூலையை நோக்கித் திரும்பி நுழைந்தால், இரண்டாமவன் தாமதமின்றி மற்ற மூலையை நோக்கி நுழைகிறான். முன்னவன் எப்பக்கம் போனாலும் பின்னவன் எதிர்ப்பக்கம் என்பதே விதி; பேசி முடிவுசெய்ய அங்கு நேரமில்லை. தன் பக்கத்தை விட்டுத் தோழனின் முதுகுக்குக் குறுக்கே சுடுவது பெருந்தவறு. நால்வர் அணியாயின் நான்காமவன் கதவுக்கு வெளியே பின்புறம் பார்த்தபடி நிற்கவேண்டும். அது சலிப்பான வேலை. எவரும் விரும்பி ஏற்பதில்லை. ஆனால் வென்றதாக எண்ணிய அறையினுள்ளே அணி முழுவதும் பின்னாலிருந்து சுடப்படுவது, அந்த ஒருவன் இல்லாதபோதுதான்.

மணிகள் தீர்ந்தவன் 'நிரப்புகிறேன்' எனக் கூவ, அருகிலுள்ளவன் அவனது பக்கத்தையும் சேர்த்துக் காக்கவேண்டும். நம் இளைஞர்கள் தமிழிலே கூவிக்கொண்டால் எதிரணிக்கு ஒன்றும் விளங்காது என்பது சிறு அனுகூலம். ஆனால் ஆட்டத்தை நிறுத்தும் அபாயக் குரல், நடுவருக்கும் விளங்கும் மொழியிலேயே இருக்கவேண்டும்.

வர்ணக் குண்டு ஆட்டத்தில் பட்ட இடத்தில் நிறம் தெரியும். இங்கே அடையாளம் எதுவுமில்லை. பட்டவன் தானே கையை உயர்த்தி அறிவித்து வெளியேறவேண்டும். வெளியேறுகையில் எதிரி எங்கிருக்கிறான் எனத் தோழருக்குச் சொல்லவும் கூடாது. மிக அண்மையில் எதிர்ப்பட்டவனைச் சுடாது, சரணடையுமாறு கேட்கும் வழக்கமும் பல அரங்குகளில் உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மெல்லிய பலகைத் தட்டி இம்மணிகளைத் தடுத்துவிடும். உண்மைச் சன்னத்தை அது தடுக்காது. பதுங்குகுழியில் இரவுகளைக் கழித்தவர்களுக்கு இதை எவரும் விளக்கவேண்டியதில்லை. இந்த ஆட்டத்தைப் போர்ப்பயிற்சி என்று விளம்பரப்படுத்துவோரை நம்பவும் வேண்டியதில்லை.

0.20 கிராம் மணி விநாடிக்கு 100 மீற்றர் வேகத்தில் செல்லும்போது அதன் சக்தி ஒரு யூல். கண்ணைக் குருடாக்க அது போதும், பல்லையும் உடைக்கும். மணிகள் சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். ஆகையால் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும், மோதலைத் தாங்கும் தரச்சான்று பெற்ற கண்ணாடியும் வாய்க்கவசமும் இன்றி எவரும் உள்ளே கால்வைக்கக்கூடாது. வியர்வைப் புகார் படிந்தாலும் ஆட்டக்களத்துக்குள் கண்ணாடியைக் கழற்றலாகாது.

இனிச் சட்டம். பிரித்தானியாவில் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டோருக்குப் போலித் துப்பாக்கி விற்பது குற்றம். ஜேர்மனியில் 0.5 யூலுக்கு மேற்பட்டவற்றுக்கு 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். உண்மைத் துப்பாக்கியை ஒத்த மாதிரியைப் பொதுவிடத்தில் ஏந்திச் செல்வது இரு நாடுகளிலும் தண்டனைக்குரியது.

சுவிற்சர்லாந்தில் வாழ்வோர் மேலும் கவனிக்கவேண்டும். அங்கு உண்மைத் துப்பாக்கியெனத் தவறாகக் கருதத்தக்க எயார்சொவ்ற் மாதிரிகளை 2008 டிசம்பர் முதல் சட்டம் ஆயுதமாகவே கொள்கிறது. அதே நாட்டின் ஆயுத ஒழுங்குவிதி, இலங்கை உட்படச் சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் காவிச் செல்வதையும் தடைசெய்கிறது. விசேட அனுமதி பெற்றோருக்கு மட்டுமே விலக்கு. சுவிஸ் தோழனுக்குக் கடையில் கிடைக்கும் அதே விளையாட்டுப் பொருள், இலங்கைக் குடியுரிமையோடு வாழும் இளைஞனின் அலுமாரியில் இருந்தால் குற்ற வழக்காகலாம். வதிவிட அனுமதிக்காகவோ தஞ்ச விண்ணப்பத்தின் முடிவுக்காகவோ காத்திருப்பவரின் கோவையில் அத்தகைய பதிவொன்று ஏறுவதன் விளைவை நம்மவர் அறிவர். எனவே ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்குமுன், தோழன் இரவல் தரும் துப்பாக்கியைக் கையில் வாங்குமுன், கன்ரன் பொலிஸின் ஆயுதப் பிரிவில் எழுத்துமூலம் விசாரித்துப் பதிலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.