குழந்தை காதை இழுப்பது ஏன்?

நெசவாளர் இல்லமாயினும் உழவர் இல்லமாயினும், கைக்குழந்தை உள்ள வீட்டில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தை ஓயாமல் தன் காதைப் பற்றி இழுக்கிறது. 'காதில் ஏதோ கோளாறு' என்று தாய் கலங்குகிறாள். 'பல் முளைக்கப் போகிறது' என்கிறார் பாட்டியார். எண்ணெய் காய்ச்சி விடுமாறு அண்டை வீட்டார் யோசனை கூறுகின்றனர். மருத்துவரிடம் செல்வதென்றால் ஒரு நாள் தறி நிற்கும். அல்லது ஒரு நாள் வயல் வேலை கெடும். வீண் அலைச்சல் ஆகுமோ என்ற தயக்கம் ஒருபுறம். காலந்தாழ்த்திவிட்டோமோ என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே பெற்றோர் தெளிவாக முடிவு செய்ய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அறிய வேண்டியது ஒன்று. காதை இழுப்பது மட்டுமே நோயின் அறிகுறி ஆகாது. குழந்தை நன்றாகப் பால் குடித்து, சிரித்து விளையாடி, உறங்கி, சுரமுமின்றி இருக்குமாயின் அஞ்ச வேண்டுவதில்லை.

நோயல்லாத காரணங்கள்

நான்கைந்து மாதம் ஆனதும் குழந்தை பொருள்களைக் கையால் பற்றப் பழகுகிறது. அப்போது அதன் கைக்கு எளிதில் அகப்படும் பொருள்களுள் அதன் காதும் ஒன்று. பிடித்து இழுத்துப் பார்ப்பது அதற்கு ஒரு விளையாட்டு. உறக்கம் வரும்போதும் களைப்புற்றபோதும் காதை வருடித் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டிப் பல் முளைக்கத் தொடங்கும். தாடைக்கும் காதுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதனால், ஈற்றில் எழும் நோவு காதில் எழுவது போலத் தோன்றும். ஆனால் பல் முளைப்பதனால் கடுஞ்சுரம் வாராது. அவ்வாறு சுரம் கண்டால் வேறு காரணம் தேடவேண்டும்.

காதின் வெளிப்புறத்தையும் பார்க்கவேண்டும். பின்மடிப்பில் பாலும் வியர்வையும் தங்கிப் புண்ணாகியிருக்கலாம். அண்மையில் காது குத்தப்பட்டிருந்தால் துளை சிவந்து வீங்கியிருக்கலாம். இவை கண்ணுக்குப் புலப்படுவன, உடனே கவனிக்கத்தக்கன.

காது நோய் உண்டாகும் விதம்

செவிப்பறைக்கு உட்புறம் உள்ள நடுச்செவியிலிருந்து தொண்டையின் மேற்பகுதிக்கு ஒரு சிறு குழல் செல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய உடற்கூற்றறிஞர் யூஸ்டேக்கியோவின் பெயரால் இது யூஸ்டேஷியன் குழல் என வழங்குகிறது. நடுச்செவிக்குக் காற்றைச் செலுத்துவதும், அங்கே ஊறும் நீரை வடிப்பதும் இதன் பணி. பெரியவர்களுக்கு இக்குழல் நீண்டு சாய்ந்திருக்கும். குழந்தைகளுக்கோ குறுகியும் கிடைமட்டமாகவும் இருக்கும். ஆகவே ஜலதோஷம் பிடித்தால் குழல் எளிதில் அடைபட்டு, உள்ளே நீர் தேங்கி, கிருமிகள் பெருகிச் சீழ் கட்டுகிறது. அது செவிப்பறையை அழுத்துவதனால் நோவு உண்டாகிறது. படுக்கவைத்தால் நோவு மிகுவதனாலேயே பகலில் ஓரளவு அமைதியாக இருந்த குழந்தையும் இரவில் வீரிட்டு அழுகிறது.

தறியை நிறுத்திப் புறப்பட வேண்டிய வேளை

பாவில் ஓரிழை அறுந்ததற்காக எவரும் பாவையே கழற்றி எறிவதில்லை; அறுந்த இழையைக் கவனியாமல் நெய்துகொண்டே போவதும் இல்லை. அதுபோலவே, காதை இழுக்கும் செயலோடு கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் சேர்ந்து காணப்பட்டால் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும்: ஜலதோஷத்தைத் தொடர்ந்து சுரம் காணுதல், படுக்கவைத்தால் அழுதல், பால் குடிக்கத் தொடங்கி உடனே விட்டுவிட்டு அழுதல், இரவில் பலமுறை விழித்து அழுதல், காதிலிருந்து நீரோ சீழோ வடிதல்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சுரம் இருக்குமாயின், காதில் குறை ஏதும் தெரியாவிடினும் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். காதின் பின்புறம் வீங்கித் தொட்டால் நோதல், வலிப்பு, தட்டியெழுப்பினும் விழியாத சோர்வு ஆகியவை தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதியாது மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

மருத்துவர் சில குழந்தைகளுக்கு நோவு தணிக்கும் மருந்து மட்டும் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்வதுண்டு. எல்லாக் காது நோய்க்கும் கிருமிக்கொல்லி மருந்து தேவையில்லை. கொடுத்தால், நோவு நின்றுவிட்டது எனப் பாதியில் நிறுத்தாது அவர் சொன்ன நாள் வரை கொடுக்கவேண்டும். மூத்த குழந்தைக்கு வாங்கி மிஞ்சிய மருந்தை இளைய குழந்தைக்குப் புகட்டுதல் கூடாது.

செய்யத் தகாதன

காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் இவற்றைக் காதில் விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. குளிப்பாட்டியபின் காதிலும் மூக்கிலும் ஊதும் வழக்கமும் உண்டு. அன்பினால் செய்யப்படுவனவே எனினும் இவற்றைக் கைவிடவேண்டும். செவிப்பறையில் துளை விழுந்திருப்பது வெளியே தெரியாது. விட்டது நேரே உள்ளே சென்று நோயை வளர்க்கும். சூடு மிகுந்தால் புண்ணும் உண்டாகும். ஊக்கு, கொண்டை ஊசி, கோழியிறகு, பஞ்சு சுற்றிய குச்சி ஆகிய எதுவும் குழந்தையின் காதுக்குள் செல்லலாகாது. குறும்பி காதைக் காப்பதற்கே உண்டாவது. தானே மெல்ல வெளியேறும். குச்சி அதனை உள்ளே தள்ளிவிடும்.

சீழ் வடிந்தால்

சீழ் வடிந்ததும் நோவு தணிவதனால் நோயே தீர்ந்தது எனக் கருதுவோர் பலர். இது பெரும் பிழை. மருத்துவரிடம் காட்டியபின், சுத்தமான மென்மையான பருத்தித் துணியைத் திரியாகச் சுருட்டிக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி வைக்கவேண்டும். காது உலரும் வரை நாளொன்றுக்கு மூன்று முறையேனும் இவ்வாறு செய்யவேண்டும். திரியைக் காதிலேயே விட்டுவைத்தல் ஆகாது. செய்யும் முறையைச் செவிலியரிடம் நேரில் பார்த்துக் கற்பது நலம். பதினான்கு நாள் கடந்தும் வடிந்தால் அது நாட்பட்ட நோய், செவிப்புலனையே குறைக்கவல்லது.

சீழ் வடியாவிடினும் நோவு நீங்கியபின் சில வாரங்கள் நடுச்செவியில் நீர் தங்கி நிற்பதுண்டு. அக்காலத்தில் குழந்தைக்கு ஒலி மந்தமாகவே கேட்கும். அந்நிலை நீடித்தால் பேச்சுக் கற்பது தடைப்படும். ஆகவே தறியோசை நின்ற வேளையில், குழந்தையின் பின்னிருந்து மெல்லக் குரல் கொடுத்துப் பாருங்கள். ஆறு மாதக் குழந்தை ஒலி வந்த திசையை நாடும். ஓராண்டு நிறைவதற்குள் தன் பெயரைக் கேட்டுத் திரும்பும். திரும்பாவிடில் செவியைச் சோதிக்கச் செய்யுங்கள்.

வருமுன் காத்தல்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது காது நோயைக் குறைக்கும். புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால், குழந்தையைப் படுக்கவைத்தபடி கொடாது தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுக்கவேண்டும். பீடிப் புகையும் அடுப்புப் புகையும் குழந்தையை அண்டாதிருக்கட்டும். நடுச்செவி நோயை உண்டாக்கும் கிருமிகளுள் நியூமோகாக்கஸ் ஒன்று. அதற்கான தடுப்பூசி அரசுத் திட்டத்தில் 2017ஆம் ஆண்டு சில மாநிலங்களில் தொடங்கப்பெற்று, 2021இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என மூன்று தவணையும் இலவசமே.

காதில் எதையும் விடாதிருத்தல், சுரத்தையும் சீழையும் அலட்சியம் செய்யாதிருத்தல் ஆகிய இரண்டையும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் இல்லத்தில் கடைப்பிடிப்பாராக. ஒரு நாள் நின்ற தறியின் நெசவை மறுநாள் ஈடுசெய்துவிடலாம். இழந்த செவியை ஈடுசெய்தல் எளிதன்று.