டிரெய்லரில் ஏறிய ரேடார்

என் அக்கா மகன் தேசிய சேவையில் இருக்கிறான். ரேடார் திரையைக் கவனிக்கும் வேலை. சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், ரசம் ஊற்றிக்கொண்டே அலுத்துக்கொண்டான்.

"மாமா, மணிக்கணக்கா திரையையே பார்த்துக்கிட்டு இருக்கணும். ஒண்ணுமே வராது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மெஷின்?"

ரேடியோ அலைகளோடு பிழைப்பு நடத்தும் மின்னணுப் பொறியாளன் நான். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "உன் கொள்ளுப்பாட்டி இருந்திருந்தா இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டே."

பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. குடும்பம் சிராங்கூன் சாலைப் பக்கம் குடியிருந்தது. 1941 டிசம்பர் 8, விடியற்காலை 4 மணி தாண்டிய நேரம். சிங்கப்பூர்மீது ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகக் குண்டு போட்டன. ராஃபிள்ஸ் பிளேசிலும் சிலேத்தார், தெங்கா விமானத் தளங்களிலும் குண்டுகள் விழுந்தன. 61 பேர் இறந்தார்கள். பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது குண்டுச் சத்தத்தைப் பற்றியல்ல, தெருவிளக்குகளைப் பற்றி. "தலைக்கு மேல பிளேன் போகுது, கீழே விளக்கெல்லாம் எரிஞ்சுக்கிட்டே இருக்கு."

பாட்டியின் ஞாபகம் சரிதான். அன்று நகரில் இருட்டடிப்பு செய்யவில்லை. ஆனால் அந்த விமானங்கள் யாருக்கும் தெரியாமல் வந்துவிடவில்லை. ஜொகூரின் கிழக்குக் கரையில், மெர்சிங்கில் இருந்த பிரிட்டிஷ் ரேடார் அவற்றை முன்கூட்டியே கண்டு தகவலும் கொடுத்துவிட்டது. விளக்கை அணைக்க உத்தரவிட வேண்டிய இடத்தில் அந்த நேரத்தில் ஆள் இல்லை.

ரேடார் வரலாற்றில் சிங்கப்பூருக்கு இன்னொரு வினோதமான பக்கமும் உண்டு. 1942 பிப்ரவரியில் தீவு வீழ்ந்தபோது, விமான எதிர்ப்பு பீரங்கிகளுக்கு உதவிய பிரிட்டிஷ் ரேடார் கருவிகள் ஜப்பானியர் கையில் சிக்கின. கூடவே ஒரு ராணுவத் தொழில்நுட்பரின் கையெழுத்துக் குறிப்பேடும் கிடைத்தது. அதில் 'யாகி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஜப்பானிய நிபுணர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. போர்க் கைதியிடம் விசாரித்த பிறகுதான் தெரிந்தது: அந்த ஆன்டெனாவை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஜப்பானியப் பேராசிரியர் ஹிதெட்சுகு யாகியின் பெயர் அது! அவரும் ஷிந்தாரோ உடாவும் 1920களில் உருவாக்கியதைச் சொந்த ராணுவம் பொருட்படுத்தவில்லை. நம் வீட்டுக் கூரைகளில் மீன்முள் மாதிரி நின்ற பழைய தொலைக்காட்சி ஆன்டெனா அதுதான்.

சிங்கப்பூரில் பிடிபட்ட 'ஜிஎல் மார்க் 2' வகை ரேடாருக்குச் சக்கரம் இருந்தது. ஆனால் அதை நடமாடும் ரேடார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அலைகளை அனுப்ப ஒரு கூண்டு, வாங்க இன்னொரு கூண்டு. அதன் அலைநீளம் பல மீட்டர். அவ்வளவு நீள அலை தரையில் பட்டுத் தெறித்து, விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்ற கணக்கைக் குழப்பிவிடும். அதைச் சரிசெய்ய இங்கிலாந்தில் ரேடாரைச் சுற்றிப் பெரிய மைதானம் அளவுக்குக் கோழிக்கூண்டு வலையை விரித்தார்கள். நாட்டில் வலைக்கே தட்டுப்பாடு வந்துவிட்டதாகச் சொல்வார்கள். இதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நாளைக்கு வேறு ஊருக்குப் போக முடியுமா?

விடை அலைநீளத்தைக் குறைப்பதில் இருந்தது. அலை குறுகினால், சின்ன ஆன்டெனாவே போதும், கற்றையும் கூர்மையாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், குறுகிய அலையைப் போதிய சக்தியோடு உண்டாக்கும் கருவி யாரிடமும் இல்லை. 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் அதைச் செய்து காட்டினார்கள். கையில் அடங்கும் ஒரு செப்புத் துண்டு, பெயர் மேக்னட்ரான். உங்கள் சமையலறை மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருப்பது அதன் வாரிசு. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் அதை அமெரிக்காவிடம் கொடுத்தது.

அதைக் கொண்டு எம்ஐடியின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் இவான் கெட்டிங் குழு உருவாக்கியதுதான் எஸ்சிஆர்-584. அலைநீளம் 10 சென்டிமீட்டர். ஆன்டெனா 1.8 மீட்டர் அகலமுள்ள கிண்ணம். எல்லாம் ஒரே டிரெய்லருக்குள். லாரி இழுத்துச் செல்லும், தரையில் வலை வேண்டாம்.

அதன் உண்மையான புதுமை, ஒரு விமானத்தைப் பிடித்தால் பிறகு தானே தொடர்ந்து போவது. இருட்டில் டார்ச் விளக்கைச் சற்றே சாய்த்துப் பிடித்து வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். பொருள் வட்டத்தின் நடுவில் இருந்தால் எப்போதும் ஒரே வெளிச்சம். ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம் வரும்போது மட்டும் பளிச்சிடும். ரேடார் கற்றையும் இப்படித்தான் சுழன்றது. எதிரொலி எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் மோட்டார் கிண்ணத்தைத் திருப்பும். கைப்பிடியைச் சுற்ற ஆள் வேண்டாம். கெட்டிங் குழு 1941லேயே இதைச் செய்துகாட்டியது.

பார்த்தால் மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ரேடார் தரும் எண்களை வாங்கி, குண்டு போய்ச் சேரும் நேரத்தில் விமானம் எங்கே இருக்கும் என்று கணக்கிட எம்-9 என்ற மின்கணிப்பான் வந்தது. அதன் பிறப்பு ஒரு கனவில். பெல் ஆய்வுக்கூடத்தின் இளம் பொறியாளர் டேவிட் பார்க்கின்சன் 1940ல் கண்ட கனவில், ஒரு பீரங்கி சுட்டதெல்லாம் விமானத்தை வீழ்த்தியது. அருகில் போய்ப் பார்த்தால், அதில் தான் பகலில் வேலை செய்துகொண்டிருந்த வரைபடக் கருவியின் பாகம் பொருத்தப்பட்டிருந்ததாம். (எனக்கும் வேலை கனவில் வரும். பெரும்பாலும் தாமதமான அறிக்கைகள்தான்.)

மூன்றாவது, இலக்கின் அருகே சென்றதும் தானே வெடிக்கும் குண்டுமுனை. அதற்குள் ஒரு குட்டி வானொலிக் கருவி!

1944 ஜூன் 13 முதல் ஜெர்மனியின் ஆளில்லா வி-1 குண்டுகள் லண்டனை நோக்கி வந்தன. ஜூலையில் பீரங்கிகளைக் கடற்கரைக்கு மாற்றி இந்த மூன்றையும் இணைத்தார்கள். முதல் வாரம் பீரங்கிகள் வீழ்த்தியது 17 விழுக்காடு. ஆகஸ்ட் கடைசி வாரம் 74 விழுக்காடு. மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வரும் ஒன்றைத் தரையிலிருந்து சுட்டு இந்தக் கணக்கு!

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பீரங்கிக்கென்று செய்த பெட்டியை ஆளாளுக்கு வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேகத்துக்கு மேலே பறக்கும் சொந்த விமானங்களை இலக்குக்கு வழிநடத்தினார்கள். எதிரியின் மோர்ட்டார் குண்டு வரும் வளைவைப் பின்னோக்கி இழுத்து, அது புறப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்தார்கள். போருக்குப் பின் அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்தில் வி-2 ராக்கெட்டுகளைத் தொடர்ந்தார்கள். திரையில் தொந்தரவாகத் தெரிந்த மழையே வானிலையாளர்களுக்கு ஆய்வுப் பொருளானது.

இத்தனை வேலைகளையும் முதலிலேயே பட்டியல் போட்டுச் செய்த கருவியல்ல அது. தூரம், திசை, உயரக் கோணம் என்ற மூன்று எண்களைத் துல்லியமாகத் தந்தது. அவ்வளவுதான். அந்த எண்கள் யாருக்குத் தேவையோ அவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். 'பலபயன்' என்று தலைப்புப் போட்டுத் தொடங்கும் திட்டக் கூட்டங்களில் உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த டிரெய்லர் நினைவுக்கு வரும். அதே எண்கள் குண்டு வீசவும் உதவின என்பதையும் மறைக்க முடியாது. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் செய்கிறோம்.

கெட்டிங் பிற்காலத்தில் ஜிபிஎஸ் உருவாக முக்கியக் காரணமானவர்களில் ஒருவர். "அப்போ நான் இன்னிக்கு கிராப் எடுத்து வந்ததுக்கும் அவர்தான் காரணமா?" என்றான் மருமகன். ஓரளவுக்கு ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பாயசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தவன், "மாமா, மெர்சிங்ல அன்னிக்கு ராத்திரி திரையைப் பார்த்தவங்க? அவங்க என்ன பண்ணாங்க?" என்றான்.

"பார்த்தாங்க. சொன்னாங்க. அவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க."

ஆறு மணிக்கு முகாமுக்குக் கிளம்பினான். அம்மா முறுக்கு டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டே, இரவு எத்தனை மணிவரை வேலை என்று கேட்டார்.

"விடியற்காலை வரைக்கும் பாட்டி."

"போன் அடிச்சா அந்தப் பக்கம் எடுக்க ஆள் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க பாட்டி," என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான்.