போட்டோ எடிட் செய்திட லேப்டாப்பா? திரையை முதலில் பாருங்கள்

சங்கரன்கோவில் என்றவுடன் சங்கரநாராயணர் கோயிலும் ஆடித் தபசும் நினைவிற்கு வரும். அடுத்ததாக விசைத்தறிச் சேலைகள். அங்கு சேலை வியாபாரம் செய்திடும் என் உறவினர் ஒருவர் கேமராவில் சேலைகளைப் படம் எடுத்து, லேப்டாப்பில் சரி செய்து, வாட்ஸ் அப்பில் அனுப்பி விற்பனை செய்கிறார். சில மாதங்களுக்கு முன் போனில் அழைத்தார். "அண்ணாச்சி, படத்துல நல்ல செவப்பா இருந்துச்சு, கையில வந்தது மங்கலா இருக்குன்னு சேலையத் திருப்பி அனுப்புறாங்க. கூரியர் காசு ரெண்டு பக்கமும் என் தலையில விழுது."

அவருடைய லேப்டாப்பை நேரில் பார்த்த போதுதான் காரணம் தெரிந்தது. மிளகாய்ப் பழச் சிவப்புச் சேலையை அந்தத் திரை சற்று ஆரஞ்சு கலந்து, வெளிறிய நிறமாகக் காட்டியது. அவர் சேலையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும் வரை சாச்சுரேஷனைக் கூட்டி இருக்கிறார். அந்தப் படம் வாடிக்கையாளரின் நல்ல மொபைல் திரைக்குச் செல்லும் போது ரத்தச் சிவப்பாகி விடுகிறது. கெட்டது சேலையும் அல்ல, கேமராவும் அல்ல. அவர் நம்பிய திரை.

புதிய லேப்டாப் வாங்கிட வேண்டும், 50 முதல் 75 ஆயிரம் ரூபாய் வரை தரலாம் என்றார். இதே நிலையில் உள்ள வாசகர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், நாங்கள் பார்த்தவற்றை இங்கு தருகிறேன்.

45 சதவீதம் என்றால் என்ன?

கடைக்காரர் பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் பற்றி மூச்சு விடாமல் சொல்வார். திரை என்று கேட்டால் "புல் எச்டி சார்" என்பதோடு முடித்துக் கொள்வார். புல் எச்டி என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே. 1920 x 1080 என்றால் சுமார் 20 லட்சம் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் எத்தனை விதமான நிறங்களைக் காட்டும் என்பதை இது சொல்லாது.

அதற்கு வேறு ஓர் எண் உண்டு. இணையத்திலும் மொபைலிலும் நாம் பார்க்கும் பெரும்பாலான படங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் அமைந்தவை. 1996ல் எச்பி, மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் இணைந்து முன்வைத்து, 1999ல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது இது. போட்டோ வேலைக்கு, திரை இந்த எல்லையை ஏறத்தாழ முழுமையாகக் காட்ட வேண்டும். ஆனால் விளம்பரத் தாளில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று போட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது 1953ல் அமெரிக்காவில் வந்த கலர் டிவிக்கான அளவுகோல். அதை இன்னும் ஏன் பிடித்துத் தொங்குகிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். கணக்கு இதுதான்: 72 சதவீதம் என்டிஎஸ்சி என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி, 45 சதவீதம் என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் சற்றுக் குறைவு. உறவினரின் திரை இந்த 45 சதவீத வகைதான். நடுத்தர விலை லேப்டாப்களில் பலவற்றில் இன்றும் இதுவே பொருத்தப்படுகிறது.

"ஐபிஎஸ் திரை" என்ற வார்த்தையிலும் ஏமாற வேண்டாம். பழைய டிஎன் வகைத் திரையில், மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கையில் நிறம் மாறிவிடும். ஐபிஎஸ் வகையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஐபிஎஸ் திரையும் 45 சதவீதமாக இருக்கலாம். எனவே இரண்டையும் கேளுங்கள். விவரத் தாளில் நிறம் பற்றி எதுவுமே இல்லை என்றால், குறைவானது என்றே எடுத்துக் கொள்ளுங்கள். நல்ல திரை போட்டவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதத் திரைகளுடன் லேப்டாப்கள் விற்கப்படுகின்றன. ஆகவே பெயரோடு நிற்காமல் முழு மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு தேடுங்கள்.

ஓஎல்இடி திரை உள்ள சில மாடல்களும் இந்த விலைக்குள் வந்துவிட்டன. கறுப்பு கறுப்பாகவே இருக்கும், நிறங்கள் அருமை. ஆனால் பளபளப்பான கண்ணாடி என்பதால் ஜன்னல் வெளிச்சம் முகம் பார்க்கும் கண்ணாடி போல் எதிரொலிக்கும். ஒரே படம் நாள் கணக்கில் அசையாமல் நின்றால் தடம் பதியும் வாய்ப்பும் உண்டு. சிலருக்கு இதன் மினுக்கல் கண் வலியைத் தரும். கடையில் அரை மணி நேரமாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பென் டிரைவுடன் கடைக்குப் போங்கள்

கடையில் ஓடும் டெமோ வீடியோ எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் படங்களைக் கொண்டு செல்லுங்கள். நாங்கள் திருநெல்வேலி கடைக்கு நான்கு படங்களை எடுத்துச் சென்றோம்: சிவப்புச் சேலை, ஒரு குழந்தையின் முகம், இரவில் எடுத்த கோபுரம், கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் சாம்பல் பட்டை ஒன்று. கடைசிப் படத்தை ஜிம்ப் புரோகிராமில் ஒரு நிமிடத்தில் தயாரித்துவிடலாம். பட்டை வழுக்கிச் செல்ல வேண்டும். கோடு கோடாகப் பிரிந்தால் அந்தத் திரை வேண்டாம். கோபுரப் படத்தின் இருட்டில் சிற்பங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கூடவே அந்தச் சேலையையும் பையில் வைத்திருந்தோம். கடைப் பையன் சிரித்தான். ஆனால் திரை அருகே சேலையைப் பிரித்து வைத்ததும், ஐந்து லேப்டாப்களில் மூன்று அங்கேயே கழிந்துவிட்டன.

பிரகாசம் 300 நிட்ஸ் இருந்தால் வீட்டிற்குள் போதும். ஜன்னலோரம் வேலை செய்பவர்கள் 400 கேளுங்கள். ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி, மெமரி கார்டைப் போட ஒரு ஸ்லாட். இவை இருந்தால் சாதாரண போட்டோ வேலைக்குப் போதும். கேம்ஸ் கிராபிக்ஸ் கார்டுக்கும், 144 ஹெர்ட்ஸ் திரைக்கும் கொடுக்கும் பணம் போட்டோவில் நிறத்தைக் கூட்டித் தராது.

வாங்கிய பின்

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே சென்று நைட் லைட்டை நிறுத்திடவும். இது இயங்கினால் திரை மஞ்சளடிக்கும். நிறுவனம் தரும் புரோகிராமில் விவிட் என்ற வகை தேர்வாகி இருந்தால் நார்மல் அல்லது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் கேலிபரேட் டிஸ்பிளே கலர் என டைப் செய்தால் வரும் விசார்ட், காமாவைச் சரி செய்திட உதவும். பிரகாசத்தை முழுவதும் ஏற்றி வைத்து எடிட் செய்திட வேண்டாம். அப்படிச் செய்த படங்கள்தான் லேபில் பிரிண்ட் போடும் போது இருண்டு வருகின்றன.

கேமராவிலும் ஒன்றைக் கவனியுங்கள். கலர் ஸ்பேஸ் என்ற இடத்தில் அடோபி ஆர்ஜிபி தேர்வாகி இருந்தால், மற்றவர்கள் பார்க்கையில் படம் வெளிறித் தெரியலாம். எஸ்ஆர்ஜிபி என வைத்திடுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த சேலையின் நிறத்தை எந்தத் திரையாலும் முழுமையாகக் காப்பாற்ற முடியாது. வாசல் நிழலில், பகலில் எடுப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

உறவினர் கடைசியில் 16:10 அளவில் முழு எஸ்ஆர்ஜிபி காட்டும் ஐபிஎஸ் லேப்டாப் ஒன்றை வாங்கினார். பட்ஜெட்டிற்குள் அடக்க, பிராசசரில் ஒரு படி இறங்க வேண்டி இருந்தது. முதல் வேலையாகப் பழைய படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்படியா அண்ணாச்சி அனுப்பிக்கிட்டு இருந்தேன்!" என்று தலையில் கை வைத்துக் கொண்டார். வாடிக்கையாளரின் மொபைல் திரை எப்படி என்பது நம் கையில் இல்லை. அதனால் இப்போது ஒவ்வொரு படத்துடனும் நிறத்தின் பெயரையும் எழுதி அனுப்புகிறார்.