கொடையும் அது செல்லும் வழியும்

மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும்பொழுது, வடம் பிடிப்போருட் பலர் இரத்தோட்டை, உக்குவெல, எல்கடுவ முதலிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து வந்தோராவர். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து நடந்து வந்த தொழிலாளர்க்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாக இருந்தது. கையிற் பொருளில்லாத அம்மக்கள் தம் சம்பளத்திற் கழித்துக் கொடுத்த கோயிற்பணமும், நகரத்து வர்த்தகர் ஈந்த மகமையும் சேர்ந்தே மலையகத்துக் கோயில்கள் பல எழுந்தன. ஆதலின், அறக்கொடை என்பது பெருஞ்செல்வர்க்கே உரிய செயலென்றோ, மேனாட்டிலிருந்து வந்த புதுக்கருத்தென்றோ இம்மாவட்டத்து மக்களிடம் எவரும் கூறுதல் இயலாது.

ஆயினும், அக்கொடை யார் யாரைச் சென்றடைந்தது என்பது வேறு வினாவாகும். நம்மவர் கொடைக்கு ஓர் இயல்புண்டு. கொடுத்தவர் பெயர் பலரும் காண எழுதப்படல் வேண்டும். முற்காலத்தில் அது கல்லிற் பொறிக்கப்பட்டது. பிற்காலத்தில் கோயில் மின்விளக்கிலே 'உபயம்' என்று எழுதப்பட்டு, எழுத்து மிகுந்து ஒளி குறைந்தது. கொடுப்போர் பெயர் வெளிப்படுவதில் தீங்கில்லை. பெறுவோர் பெயர் வெளிப்படின் அவர் வீட்டையும் தொழிலையும் இழக்கக்கூடும் என்னும் நிலை வரும்பொழுதே இம்முறை தடுமாறுகின்றது. பால்புதுமையினர்க்கான உதவி என்பது அத்தகைய நிலைக்கு உரியது.

பால்புதுமையினர் என்னும் சொல் அண்மைக் காலத்தது. ஆணெனப் பதியப்பெற்றும் தம்மைப் பெண்ணாக உணரும் திருநங்கையர், பெண்ணெனப் பதியப்பெற்றும் தம்மை ஆணாக உணரும் திருநம்பியர், தம் பாலார்மாட்டே காதல் கொள்ளும் ஆடவரும் பெண்டிரும், இருபாலார்மாட்டும் ஈர்ப்புடையோர், உடலமைப்பில் இருபாற்கூறுகளும் கலந்து பிறக்கும் இடைப்பாலினர் ஆகிய பலரும் இச்சொல்லுள் அடங்குவர். சொல் புதிதாயினும் பொருள் பழையது. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் எடுத்துக்கொண்டு, அவர்க்கெனத் தனியே ஓர் ஈற்றெழுத்து இல்லையெனவும், அவர் உயர்திணையுள்ளேயே பால் உணர்த்தப்பெறுவர் எனவும் விதித்துள்ளார். மணிமேகலையிலும் பேடியின் ஆடல் பேசப்படுகின்றது. இலக்கணம் ஈந்த இவ்விடத்தைச் சமூகமும் ஈந்ததோவெனின், ஒரு நாள் ஈந்தது, மறுநாள் மறுத்தது என்றே கூறல் வேண்டும். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்திலே, மரபுப்படி இரதி வேடத்தைப் புனைபவர் ஆடவரே. பெண் வேடம் புனைவோர் யாவரும் திருநங்கையர் அல்லர்; அவ்வாறு மயங்குதல் பிழை. எனினும், கூத்து நாட்களில் இரதியைக் கையெடுத்துக் கும்பிடும் லயத்து மக்கள், கூத்து முடிந்த பின் தம் வீட்டுப் பிள்ளையொன்று அவ்வாறு நடக்க விரும்பினால் அடித்துத் திருத்த முற்படுவதும் உண்டு.

இதற்குச் சட்டமும் துணைநின்றது. 1883-ஆம் ஆண்டில் பிரித்தானியர் இயற்றிய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ என்னும் பிரிவுகள், இசைவுடன் கூடும் வயதுவந்தோரையும் குற்றவாளிகளாக்கின. முதலில் ஆடவரை மட்டும் சுட்டியிருந்த 365அ பிரிவு 1995-ஆம் ஆண்டின் திருத்தத்தால் 'ஆள்' என மாற்றப்பட்டு, பெண்டிரையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த திருத்தமொன்று தண்டனையின் எல்லையை விரித்தமை வியப்பிற்குரியது. இப்பிரிவுகளை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலமொன்றைப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொணர்ந்தபொழுது, அஃது அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. ஆயினும், 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதும் அச்சட்டமூலம் நிறைவேறாமலே ஒழிந்தது.

இலங்கையில் இம்மக்களுக்கென எழுந்த முதல் அமைப்பு 1995-ஆம் ஆண்டில் ஷேர்மன் டி றோஸ் என்பாரால் கொழும்பிற் தொடங்கப்பட்ட 'கொம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி' என்பதாகும். 1999-இல் பெண்களுக்கான ஆதரவுக் குழுவொன்று தோன்றியது. 2004-இல் றொசானா பிளேமர் கல்தேரா 'ஈக்குவல் கிரவுண்ட்' என்னும் அமைப்பை நிறுவினார். மும்மொழியிலும் நூல்களை வெளியிட்டு மாவட்டங்களிலும் கருத்தரங்கு நடத்திய அமைப்பு அது. இவை யாவும் தலைநகரிற் பிறந்தவை. அதனைக் குற்றமாகக் கூறுதல் பொருந்தாது. ஒருவரையொருவர் அறியாத கூட்டமும், வாடகைக்கு அறை கிடைக்கும் தெருவும், வழக்கறிஞரும் மருத்துவரும் உள்ள இடத்திலேதான் இத்தகைய அமைப்புத் தோன்ற முடியும். ஒருவர் தும்மினால் பத்துக் காம்பிராவுக்குக் கேட்கும் தோட்டத்து லயத்தில் அது தோன்றுதல் அரிது.

இவ்வமைப்புகளைத் தாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு முதன்மையாக நோக்கற்பாலது. உள்ளூர்ச் செல்வர் இதற்கு ஈந்தது மிகச் சிறிதே. உலகில் இவ்வறத்திற்கெனவே அமைந்த நிதியங்கள் சில உள. 1977-ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிற் பெண்கள் சிலர் கூடித் தொடங்கிய அஸ்திரேயா நிதியம் அவற்றுள் முன்னோடி. பலரிடமிருந்தும் சிறிது சிறிதாகத் திரட்டிச் சிறு குழுக்களுக்கு வழங்கும் முறையை அது கைக்கொண்டது. மகமை முறையை அறிந்தவர்க்கு அது புதிதாகத் தோன்றாது. பெருஞ்செல்வர் ஒருவரான ஜோன் ஸ்றைக்கர் 2000-ஆம் ஆண்டில் நிறுவிய ஆர்க்கஸ் நிதியம் மற்றொரு வகையினது.

எனினும், தெற்காசியாவில் பெருந்தொகையாக வந்த பணம் இந்நிதியங்களினின்று வந்ததன்று. நோய்த்தடுப்பின் பெயரால் வந்தது. எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கு எதிரான உலக நிதியம் 2002-இல் நிறுவப்பட்டது. இலங்கையில் அதன் எச்.ஐ.வி. நிதியைச் சுகாதார அமைச்சும், 1953-இல் தொடங்கிய குடும்பத் திட்டமிடற் சங்கமும் முதனிலைப் பெறுநராக ஏற்று, அதனைச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளித்தன. களப்பணியாளர் எத்தனை பேரைச் சந்தித்தார், எத்தனை பேர்க்குக் குருதிப் பரிசோதனை செய்வித்தார் என்னும் கணக்கே அத்தகைய நிதியின் அளவுகோல். எண்ணிக்கை மிகுந்த இடத்திற்கே பணம் முதலிற் செல்லும். ஆகவே நகரங்கள் முந்தும், மலைத்தோட்டங்கள் பிந்தும்.

இந்நிதியால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. பெற்றோர் துரத்திய இளைஞர் பலர் முதன்முதலாகச் சம்பளம் பெற்றதும் இக்களப்பணியினாலேதான். ஆனால், ஒரு மனிதரை நோய் பரவும் வாயிலாகக் காணும் கண் அவர்தம் ஏனைய தேவைகளைக் காணத் தவறும். தோட்டத்து மருந்தகத்தில் அவமதிக்கப்படும் திருநம்பிக்கும், விருப்பமில்லாத் திருமணத்துக்கு உந்தப்படும் பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும் இந்நிதியில் இடம் அரிதாயிற்று, அவர்கள் எச்.ஐ.வி. கணக்கினுள் வருபவரல்லர். மேலும் ஒரு முரண் உண்டு. இலங்கையில் வயதுவந்தோரிடை எச்.ஐ.வி. தொற்று நூற்றுக்கு 0.1 என்னும் அளவினுங் குறைந்தது. இது நற்செய்தியே. ஆனால் நோய் குறைந்த நாட்டுக்கு நோய்க்கான நிதியும் குறையும்; அந்நிதியையே ஊன்றுகோலாகக் கொண்டவர் நாட்டின் நலத்தாலேயே நலிவர்.

வெளிநாட்டுப் பணத்தின் மற்றொரு குறை 2025-ஆம் ஆண்டில் உலகெங்கும் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் புதிய அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது; யூஎஸ்எயிட் என்னும் உதவி நிறுவனத்தின் பணி அவ்வாண்டு ஜூலை முதலாம் நாளுடன் முடிவுற்றது. பல நாடுகளில் ஒரே கிழமையில் பணியாளர் நிறுத்தப்பட்டனர், மருந்தகங்கள் மூடப்பட்டன. வேறொரு நாட்டின் தேர்தல் முடிவு இவ்வாறு எங்கோ ஓர் அறையின் விளக்கை அணைத்தது. அன்றியும், இப்பணம் வெளியிலிருந்து வருவதனாலேயே, இம்மக்களும் வெளியிலிருந்து வந்தவர் என்னும் பழி சுமத்தப்படுகின்றது. தொல்காப்பியர் கண்டவரை வெள்ளைக்காரர் கொணர்ந்தனர் என்பது எவ்வளவு பொருந்தும் என்பதைக் கற்றோர் எண்ணிப்பார்த்தல் நன்று.

இனி, மாத்தளைத் தோட்டமொன்றில் வாழும் இளம் திருநங்கை ஒருவர்க்கு உண்மையில் தேவைப்படுவது யாது? பெரும்பாலும் அது ஒரு தாள். 2016-ஆம் ஆண்டில் இலங்கைச் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கும் முறையை ஏற்படுத்தியது. அரச மருத்துவமனையின் உளநல மருத்துவ நிபுணர் பரிசோதித்து அச்சான்றிதழை அளித்தால், பதிவாளர் நாயகத் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். அதன்பின் அடையாள அட்டையைத் திருத்தலாம். தண்டனைச் சட்டக்கோவை ஒரு பக்கம் அச்சுறுத்திக்கொண்டிருக்க, நிருவாகம் மறுபக்கம் ஒரு கதவைத் திறந்துவைத்தமை இலங்கையின் விந்தைகளுள் ஒன்று.

அக்கதவை அடைவதற்குத் தாளின் மேல் தாள் வேண்டும். மலையகத் தமிழர்க்குத் தாள் இல்லாமையின் துன்பத்தை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இருவர்தம் ஒப்பந்தம் அவர்களை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் எண்ணாற் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என ஒதுக்கியது. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியோர்க்கு வழி பிறந்தது. பிறப்புப் பதியப்படாதோரும், பெயர் பிழையாக எழுதப்பட்டோரும் தோட்டங்களில் எத்தனையோ பேர். பாட்டன் குடியுரிமைக்காகக் கச்சேரி வாசலில் நின்றான்; பேரப்பிள்ளை தன் பெயருக்காக அதே வாசலில் நிற்க நேர்கின்றது.

செலவைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் தகும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. கண்டியிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஐந்து முறை சென்று வரவேண்டும் எனக் கொண்டால், இழக்கும் சம்பளம் மட்டும் 6,750 ரூபா. மலைப்பாதையில் இறங்கி மாத்தளைக்கு வருதற்கும், அங்கிருந்து கண்டிக்குச் செல்வதற்கும் ஆகும் பேருந்துக் கட்டணமும், ஒரு வேளை உணவும் இதற்கு வேறானவை. ஏன் வேலைக்கு வரவில்லை என்னும் கங்காணியின் வினாவுக்கு விடை தேடுதல் இவற்றினுங் கடினம். பன்னாட்டு நிதியத்திற்கு விண்ணப்பம் எழுத ஆங்கிலம் வேண்டும், பதிவு பெற்ற அமைப்பு வேண்டும், கணக்காய்வாளர் வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்கு இவற்றுள் எதுவும் வேண்டியதில்லை; ஆயினும், அதனைத் தருவதற்கு ஆளில்லை.

இவ்விடத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் ஒளி தரும். 2008 ஏப்ரல் மாதத்தில் அம்மாநில அரசு, அந்நாளில் அரவாணிகள் என வழங்கப்பட்ட திருநங்கையர்க்கென நல வாரியம் ஒன்றை அமைத்தது. அடையாள அட்டை, அரச மருத்துவமனையில் கட்டணமில்லா அறுவைச் சிகிச்சை, முதியோர்க்கு மாத உதவித்தொகை முதலியன வழங்கப்பட்டன. 2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டபொழுது, அது திருநங்கையர்க்கும் விரிக்கப்பட்டது. இவ்வுதவிகள் யாவும் போதியவை எனக் கூறுவதற்கில்லை. திருநம்பியர் நெடுங்காலம் மறக்கப்பட்டனர்; தன்பாலாரை நேசிப்போர்க்கு வாரியத்தில் இடமில்லை. ஆயினும், பணம் அங்கு வரிப்பணமாதலின் அதனை உரிமையென்று கேட்க முடிந்தது. குறைந்தால் முறையிடலாம், நின்றால் வழக்காடலாம். 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தாரின் அடையாளத்தை ஏற்ற பின்னர் அக்கேள்விக்கு வலிமையும் கூடியது. வெளிநாட்டு நிதியத்தின் முன் நின்று அவ்வாறு எவரும் வழக்காட முடியாது.

இலங்கையில் அத்தகைய வாரியம் அமையும்வரை, தோட்டத்திலேயே உள்ளவை எவை என்று பார்க்கவேண்டியிருக்கின்றது. கோயில் நிதி உண்டு. ஆனால் கோயிற் சபையார் முன் நின்று காரணம் கூறுதற்கு இளைஞர் அஞ்சுவர், அவ்வச்சம் நியாயமானதே. மரண உதவிச் சங்கங்களும் உள. இறந்தவர் எத்தகையவராக வாழ்ந்தார் என்று அவை விசாரிப்பதில்லை. உறுப்பினர் வீட்டில் இழப்பு நேர்ந்தால் பணம் போய்ச் சேரும். மருத்துவப் பயணத்துக்கும் ஆவணச் செலவுக்கும் அதே முறையில் ஒரு சிறு தொகை ஒதுக்கப்படுமாயின், நீரிழிவுக்காகச் செல்லும் கிழவரும், கண்ணுக்காகச் செல்லும் மூதாட்டியும், அங்கீகாரச் சான்றிதழுக்காகச் செல்லும் திருநங்கையும் ஒரே பற்றுச்சீட்டில் கையொப்பமிட்டுப் பணம் பெறலாம். காலைப் பேருந்தில் அவர்கள் எதற்காகக் கண்டிக்குப் போகின்றனர் என்பதைத் தோட்டம் அறியவேண்டியதில்லை.