மீன் தொட்டிக் கல் விற்பவர்கள் கவனிக்க வேண்டியவை

அரிசியிலும் பருப்பிலும் கல் பொறுக்குவது நம் தொழில். இன்று அந்தக் கல்லையே பாக்கெட் போட்டு விற்கும் காலம் வந்திருக்கிறது. ஒத்தக்கடையிலிருந்து மேலூர் வரை மளிகைக் கடைகளிலும் பேன்ஸி ஸ்டோர்களிலும் மீன் தீவனத்தோடு மீன் தொட்டிக்கான அலங்காரக் கற்களும் தொங்குகின்றன. கல்லுக்குக் காலாவதித் தேதி இல்லை, எலி கடிக்காது, வண்டு விழாது. ஆகவே நல்ல சரக்குத்தான். ஆனால் எந்தக் கல் என்று தெரியாமல் விற்றால், வாங்கிப் போன வீட்டில் மீன் சாகும். அந்த வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டு வரும் இடம் நம் கடை வாசலாகத்தான் இருக்கும்.

நம் ஊர்க் கல்லிலிருந்தே தொடங்குவோம். யானைமலை கருங்கல் இனத்தைச் சேர்ந்தது. அதன் குடைவரையில் நரசிங்கப் பெருமாள் கோயில் கி.பி. 770-இல் எழுந்தது. மலைமேல் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் நிற்கின்றன. தண்ணீரில் எளிதில் கரையாத கல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். (அந்த மலையில் ஒரு சில்லைக்கூட நாம் பெயர்க்கக் கூடாது என்பது வேறு விஷயம். கல் பட்டறைகளில் கழிவாகக் கிடக்கும் சில்லுகளே போதும்.) கருங்கல்லும், நம் பிள்ளைகள் உரசி நெருப்புப் பொறி பார்க்கும் வெள்ளை வெங்கச்சங்கல்லும் நன்னீர் மீன் தொட்டிக்கு நம்பகமானவை.

ஆகாதவை சுண்ணாம்புக் கல் இனங்கள். அருப்புக்கோட்டை பக்கம் பந்தல்குடியிலும், திருநெல்வேலி தாழையூத்திலும் வெட்டப்படுவது இதுவே. சிமெண்டுக்கு அது செல்வம், மீனுக்குச் சங்கடம். மொசைக் தரைக்குப் போடும் வெள்ளை மார்பிள் சில்லு, சிப்பி, சங்குத் தூள் எல்லாம் இதே இனம். இவை விஷம் அல்ல. ஆனால் மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தையும் காரத்தையும் ஏற்றும். நம் பகுதிப் போர்த் தண்ணீர் பல இடங்களில் ஏற்கெனவே கடின நீர். மீன் கழிவில் அம்மோனியா உண்டு. தண்ணீரின் கார அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால் அந்த அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். மோலி, கப்பி போன்றவை கடின நீரைத் தாங்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை தாங்கா.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை; சாமான் நம் கடையிலேயே இருக்கிறது. கல்லைக் கழுவிக் காயவைத்து, ஆணியால் சற்றுச் சுரண்டி, அந்தத் தூளின் மேல் ஐந்தாறு சொட்டு வினிகர் விட வேண்டும். நுரைத்துக் குமிழ் வந்தால் அது சுண்ணாம்பு இனம். வினிகர் வீரியம் குறைந்தது என்பதால் சந்தேகம் இருந்தால், கால் டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து அதை ஊற்றிச் சில நிமிடம் பார்க்கலாம். மூட்டைக்கு ஒரே ஒரு கல்லைப் பார்த்தால் போதாது. மேல், நடு, அடி என்று ஏழெட்டுக் கல் எடுத்துப் பார்க்க வேண்டும். நெல் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்ப்பதில்லையா, அதுபோல.

அடுத்தது சாயக் கல். நீலம், சிவப்பு, பச்சை என்று பளபளப்பதைத்தான் பிள்ளைகள் கேட்கும். ஒரு பிடி கல்லை வெள்ளைக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நீர் நிறம் மாறினாலோ, துணியில் சாயம் ஏறினாலோ, பூச்சு உரிந்தாலோ அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புவதே மேல். துருக் கோடு, பச்சைப் படிவு, உலோக மினுமினுப்பு உள்ள கற்களும் வேண்டாம். செம்பு சிறிதளவு கலந்தாலும் மீனுக்கும் நத்தைக்கும் ஆபத்து. வினிகர் இதைக் காட்டாது, கண்தான் காட்டும். விளிம்பு கத்திபோல் இருக்கும் உடைகல் மீனின் துடுப்பைக் கிழிக்கும்.

இன்னொன்று சட்டம் சம்பந்தப்பட்டது. கடல் பவளப் பாறைத் துண்டுகளைத் தொட்டி அலங்காரத்துக்கென்று யாராவது கொண்டுவந்தால் கையால் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அவை 2001-இல் சேர்க்கப்பட்டன. விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். அனுமதியின்றி வைகையில் அள்ளிய கூழாங்கல்லும் அப்படியே வம்புச் சரக்கு. விலை கொடுத்து வினை வாங்குவானேன்? பாக்கெட் சரக்கானால் பொதி செய்தவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு விதி. பில்லும் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு கல் வேண்டும் என்று கேட்பார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டிக்கு இரண்டு அங்குல உயரம் பரப்ப ஏறத்தாழ 14, 15 கிலோ ஆகும். அரைக் கிலோ பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினால் திரும்பத் திரும்ப வருவார். மொத்தமாகச் சொல்லிக் கொடுத்தால் அவருக்கும் மிச்சம், நமக்கும் விற்பனை. ஆனால் எடையையும் சொல்ல வேண்டும். ஓரடி உயரத் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 50 கிலோவுக்கு மேல். கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் லேசான பலகை தாங்காது. தங்கமீன் வளர்ப்பவருக்கு, அதன் வாயில் போய்ச் சிக்கும் அளவுக் கல்லைக் கொடுக்காதீர்கள். அதைவிட நன்றாகச் சிறியதோ, நன்றாகப் பெரியதோ கொடுங்கள்.

கழுவும் முறையையும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது நம் கடமை. தூசி அடங்கித் தண்ணீர் தெளியும் வரை வெறும் தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். சோப்பு, சலவைத் தூள் கூடவே கூடாது. வெந்நீர் ஊற்றலாம், ஆனால் கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் வெடித்துச் சிதறும். வயல் வாய்க்காலில் பொறுக்கிய கல்லில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் ஒரு கல்லுக்கா என்று தோன்றலாம். மொத்த வியாபாரத்தில் இத்தனை வருடம் நாம் கண்டது இதுதான்: பெரிய சரக்கில் எவரும் கவனமாக இருப்பார்கள், சிறு சரக்கில்தான் பேர் கெடும். கொள்முதல் செய்யும்போதே "இது என்ன கல், எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் சரக்கு எடுக்க வேண்டாம். ஒரு புட்டி வினிகரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் செலவு மிகச் சிறிது. அது காப்பாற்றுவது நம் நாணயத்தை.