கதவைச் சாத்தியது யார்? – கூட்டமைப்புச் சமூக ஊடகங்களும் அரசியல் குழுக்களும்

சென்ற பருவ விடுமுறையின்போது என் தோழி ஒருத்தியின் பதிவுகள் எனக்கு வருவது திடீரென்று நின்றுபோனது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அரசியலில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஒரு விவாதத்தில் சற்றுக் காரமாகவே பேசிக்கொண்டோம். ஆகவே, கோபத்தில் என்னைத் துண்டித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவளும் என்னைப் பற்றி அப்படியே நினைத்திருக்கிறாள்!

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசியபோதுதான் உண்மை விளங்கியது. நாங்கள் இருவரும் எதையும் செய்யவில்லை. அவளுடைய கணக்கு இருந்தது இடதுசாரி அரசியல் பேசுவோர் கூடும் ஒரு வழங்கியில். என் வழங்கியின் நிர்வாகி அந்த வழங்கியையே மொத்தமாகத் தடை செய்திருந்தார். இணைப்புகள் அறுந்தன என்று எனக்கு ஓர் அறிவிப்புகூட வந்திருந்தது. பொருள் புரியாமல் அதைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

நம் நட்பை மூன்றாம் மனிதர் ஒருவர் அறுக்க முடியுமா? அது நியாயமா? இந்தக் கேள்விகளோடு தேடிப் படித்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கூட்டமைப்பு என்பது என்ன?

முகநூல் ஒரே நிறுவனத்தின் சொத்து. அங்கே சட்டம் ஒன்று, சாவி ஒன்று. கூட்டமைப்பு ஊடகம் அப்படியன்று. அதனை மின்னஞ்சலோடு ஒப்பிடலாம். என் அஞ்சல் கணக்கு ஒரு நிறுவனத்தில் இருக்கலாம், உங்களுடையது வேறொன்றில் இருக்கலாம். இருந்தும் நாம் கடிதம் அனுப்பிக்கொள்கிறோம். 2016-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரொச்கோ வெளியிட்ட மாஸ்டடன், ரெட்டிட்டைப் போல் குழுமங்களாக இயங்கும் லெம்மி ஆகியவை இவ்வகையின. இவை பேசிக்கொள்ளும் பொது மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில் அது இணையத் தரமாக ஏற்கப்பட்டது.

ஒவ்வொரு வழங்கிக்கும் ஒரு நிர்வாகி உண்டு. பெரும்பாலும் தன்னார்வலர்; உறுப்பினர் தரும் நன்கொடையில் நடத்துபவர். யாரோடு இணைவது, யாரோடு இணையாதிருப்பது என்பதை அவரே முடிவு செய்யலாம். நம் நாட்டில் வேலியும் காவல் சாவடியும் உள்ள தாமான்களை நினைத்துப் பாருங்கள். உள்ளே விடலாமா கூடாதா என்பது அந்தத் தாமானின் முடிவு. அதனால் வெளியே இருப்பவருக்கு வீடே இல்லாமல் போய்விடுவதில்லை.

மாஸ்டடனில் இந்தத் தடை இரு வகைப்படும். ஒன்று, கட்டுப்படுத்துதல்: அந்த வழங்கியின் பதிவுகள் பொது ஓடையில் தெரியா, ஆனால் விரும்பிப் பின்தொடர்பவருக்கு வரும். மற்றொன்று, முழுத் தடை: எல்லாத் தொடர்பும் அறுந்துவிடும். பின்னாளில் நிர்வாகி மனம் மாறித் தடையை நீக்கினாலும், அறுந்த பின்தொடர்தல்கள் தாமாகத் திரும்புவதில்லை.

வலதுசாரிகள்: 2019

இவ்வகையில் பலரும் அறிந்த நிகழ்வு கேப் என்ற அமெரிக்க வலதுசாரித் தளத்தினுடையது. 2018 அக்டோபர் 27-இல் பிட்ஸ்பர்க் நகரின் யூத வழிபாட்டுக் கூடத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், அதற்குச் சற்று முன் தன் வெறுப்பை எழுதியது அந்தத் தளத்தில்தான். ஆப்பிள், கூகுள் ஆகியவற்றின் செயலிக் கடைகளில் கேப் செயலிக்கு இடமில்லை. 2019 ஜூலையில் கேப் தன் பழைய மென்பொருளைக் கைவிட்டு மாஸ்டடனின் நிரலுக்கு மாறியது. அப்படி மாறினால் மாஸ்டடனுக்கென்று உள்ள எந்தச் செயலியிலும் அதன் உறுப்பினர்கள் நுழையலாம் அல்லவா!

மாஸ்டடன் கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். உருவாக்கியவரே நினைத்தாலும் தடுக்க முடியாது. ஆனால் கேப் வந்ததும் ஏராளமான வழங்கிகள் அதனைத் தடை செய்தன. சில செயலிகளும் அதற்குள் நுழையும் வழியை அடைத்தன. யாரும் மேலிருந்து ஆணையிடவில்லை. கேப் தன் இடத்தில் தொடர்ந்து பேசியது. மற்றவர்கள் கேட்க மறுத்தார்கள். பின்னர் கேப்பே கூட்டமைப்பு இணைப்பைக் கைவிட்டது.

இடதுசாரிகள்: 2020-உம் 2023-உம்

தடை வலதுசாரிகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். 2020 ஜூன் 29-இல் ரெட்டிட் நிறுவனம் சுமார் 2000 குழுமங்களை ஒரே நாளில் மூடியது. அவற்றுள் டிரம்ப் ஆதரவாளர்களின் குழுமமும் இருந்தது. 'சாப்போ டிராப் ஹவுஸ்' என்ற இடதுசாரிக் குழுமமும் இருந்தது. இடமிழந்த அந்த இடதுசாரிகள் லெம்மி நிரலை எடுத்துத் தங்களுக்கென ஒரு வழங்கி அமைத்துக்கொண்டார்கள். பின்னர் அதற்கு ஹெக்ஸ்பேர் என்று பெயர் வந்தது.

2023-இல் ஹெக்ஸ்பேர் மற்ற வழங்கிகளோடு இணைய முன்வந்தபோது, அப்போது லெம்மியில் மிகப் பெரியதாக இருந்த லெம்மி.வேர்ல்டு அதனை முன்கூட்டியே தடை செய்தது. லெம்மியை எழுதியவர்களே இடதுசாரிக் கருத்துடையவர்கள் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. நிரலை எழுதியவர் கையிலும் சாவி இல்லை!

ஒரே குழு இருமுறை மறுக்கப்பட்டது, விளைவோ வெவ்வேறு. 2020-இல் ஒரு நிறுவனம் கதவை மூடியபோது அவர்கள் கூடிப் பேசிய இடமே போனது. 2023-இல் பக்கத்து வழங்கி கதவை மூடியபோது அவர்கள் தங்கள் வீட்டில் தங்கள் பதிவுகளோடு இருந்தார்கள். இணைய விரும்பிய பிற வழங்கிகளோடு இணைந்தும் கொண்டார்கள். ஆகவே, வழங்கித் தடையை 'வாயை அடைப்பது' என்று சொல்வது பொருந்தாது. பேச ஒருவருக்கு உரிமை உண்டு. கேட்டே ஆகவேண்டும் என்று பிறரைக் கட்டாயப்படுத்த உரிமை இல்லை.

விலை கொடுப்பவர் யார்?

இத்தோடு முடித்துவிட்டால் நிர்வாகிகள் செய்வதெல்லாம் சரி என்றாகிவிடும். என் தோழியின் கதை அதற்கு இடம் தரவில்லை. கேட்க மறுத்தது நானல்லவே!

2023 ஜூனில் பீஹாவ் என்ற லெம்மி வழங்கி இரண்டு பெரிய வழங்கிகளைத் தடை செய்தது. காரணம் அரசியலன்று, யாரும் எளிதில் சேரக்கூடிய அவ்வழங்கிகளிலிருந்து வந்த பதிவுகளை மேற்பார்வையிட ஆளும் வசதியும் போதவில்லை. தடைக்குப் பிறகும் பீஹாவ் குழுமங்களின் பழைய பிரதிகள் அந்தப் பெரிய வழங்கிகளில் அப்படியே இருந்தன. அங்கிருந்தோர் அவற்றில் தொடர்ந்து எழுத முடிந்தது. எழுதியது பீஹாவுக்குப் போய்ச் சேரவில்லை. பூட்டிய வீட்டின் வாசலில் நின்று பேசுவதைப் போன்ற நிலை இது. சண்டையில் சம்பந்தமே இல்லாத உறுப்பினர்தான் இதன் விலையைக் கொடுக்கிறார்.

நிர்வாகியின் சிரமமும் எனக்குப் புரிகிறது. கூட்டமாக வந்து வசைபாடும் ஒரு வழங்கியிடமிருந்து தம் உறுப்பினர்களைக் காப்பது அவர் கடமை. கொலைவெறியைத் தூண்டும் இடத்தை உடனே அடைப்பதில் தவறே இல்லை. ஆனால் வெறும் கருத்து வேற்றுமைக்கும் அதே பூட்டைப் போடலாமா? முதலில் கட்டுப்படுத்திப் பார்க்கலாம். முழுத் தடைதான் வழி என்றால், காரணத்தை முன்கூட்டியே உறுப்பினருக்குச் சொல்லலாம். மற்றதை உறுப்பினரிடமே விட்டுவிடலாம். மாஸ்டடனில் ஒரு வழங்கி முழுவதையும் தனி உறுப்பினரே தமக்கு மட்டும் தடுத்துக்கொள்ள முடியும். லெம்மியிலும் 2023 டிசம்பர்ப் பதிப்பு முதல் ஒரு வழங்கியின் பதிவுகளை மறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. மாஸ்டடனில் இணைப்பு அறுந்ததை உறுப்பினருக்கு அறிவிக்கும் வசதி 2024-இல்தான் வந்தது. வெளியாகி எட்டு ஆண்டுகள் கழித்து! நிர்வாகி முடிவெடுப்பார், மற்றவர் தாமாகத் தெரிந்துகொள்வார் என்பதே அதுவரை இருந்த வழக்கம்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வீடு வாடகைக்கு எடுக்கும்போது நிபந்தனைகளைப் படிக்கிறோம். வழங்கியில் சேரும்போது அதன் விதிகளையும் தடைப் பட்டியலையும் எத்தனை பேர் படிக்கிறோம்? நான் படிக்கவில்லை.

முடிவில் நான் வேறொரு வழங்கிக்கு மாறிக்கொண்டேன். பின்தொடர்வோர் என்னோடு வந்தார்கள். பழைய பதிவுகள் வரவில்லை. என் தோழி ஏற்கெனவே அறுபட்டிருந்ததால் அவளும் வரவில்லை. "மறுபடியும் என்னைச் சேர்த்துக்கொள்" என்று நானே கேட்க வேண்டியிருந்தது. சேர்த்துக்கொண்டாள். எங்கள் விவாதம் இன்னும் முடியவில்லை. அதை முடிப்பதா, தொடர்வதா என்பதை இனி நாங்கள் இருவரும் முடிவு செய்வோம்.