சமவெளிக்கு வேண்டிய தாட்பூட் கொடி

சுங்குவார்சத்திரம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் பக்கம் புதுவீடு கட்டியவர்களில் சிலர் மாடியில் பந்தல் போட்டுத் தாட்பூட் பழக்கொடி வளர்க்கிறார்கள். நர்சரியில் வாங்கிய ஒற்றை மஞ்சள் ரகக் கொடி கம்பியெல்லாம் படரும், நன்றாகப் பூக்கும், ஒரு காய்கூட நிற்காது. உரம் போதவில்லை என்று வேப்பம்பிண்ணாக்கும் மண்புழு உரமும் வைத்துப் பார்ப்பார்கள். கோளாறு உரத்தில் இல்லை. மஞ்சள் தாட்பூட் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே கொடியில் வெட்டிய பத்துக் குச்சிகளை நட்டு வளர்த்தாலும் பத்தும் மரபணுவில் ஒரே செடிதான். காய் பிடிக்க, வேறு விதையில் முளைத்த இன்னொரு கொடி அருகில் வேண்டும்.

அந்தப் பூவை ஒரு நாள் பகல் முழுக்கப் பார்க்க வேண்டும். நண்பகல் வாக்கில்தான் விரியும். விரிந்ததும் மூன்று சூல்தண்டுகளும் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். பிறகு மெல்ல வளைந்து, கீழே இருக்கும் ஐந்து மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு இறங்கி வரும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. அதை முதுகில் சுமந்து வர, கட்டையைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு வேண்டும். தேனீ இந்த வேலைக்குச் சின்னது. மகரந்தத்தை வாரிக்கொண்டு போய்விடும். இரவில் பூ மூடினால் அன்றைய வாய்ப்பு முடிந்தது. பட்ட மரமும் மூங்கிலும் இல்லாத மனைப்பிரிவில் கருவண்டுக்கு இடம் ஏது? பிற்பகலில் நாமே விரலால் ஒரு கொடியின் மகரந்தத்தை எடுத்து மற்றதன் சூல்முடியில் தடவ வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் கோடை வெயில் இருக்கிறது. நம் நாட்டில் தாட்பூட் பெரும்பாலும் மலைப்பயிர்: நீலகிரி, கொடைக்கானல், குடகு, வயநாடு, வடகிழக்கு மாநிலங்கள். குடகின் செட்டள்ளியில் உள்ள மத்தியத் தோட்டக்கலைச் சோதனை நிலையம், ஊதா ரகத்தையும் மஞ்சள் ரகத்தையும் கலந்து ‘காவேரி’ என்ற கலப்பினத்தைத் தந்தது. நல்ல விளைச்சல், நோய் தாங்கும் குணம் இரண்டும் அதற்கு உண்டு. ஆனால் அது மலைக்காகப் பிறந்தது. இதே இரண்டு ரகங்களின் கலப்பினங்களை வைத்து 1980களில் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனையில், பகலில் 30 டிகிரி, இரவில் 25 டிகிரி வெப்பத்தில் வைத்த கொடிகள் பூக்கவே இல்லை. மே மாதத்தில் நம் ஊரில் இரவுகூட 25க்குக் கீழே இறங்குவதில்லை. சொட்டுநீர் போட்டால் தாகம் தீரும், இரவுப் புழுக்கத்தை என்ன செய்வது? வறட்சிக்கு ரகம் வேண்டும் என்று பேசுகிறவர்கள் தண்ணீரை மட்டுமே கணக்கில் எடுப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. கடலுக்கு அந்தப் பக்கம், இதே வடகிழக்கு மழையை நம்பியிருக்கும் யாழ்ப்பாணத்தில் கொடித்தோடை என்ற பெயரில் இதே கொடி கிணற்றுப் பாசனத்தில் காய்க்கிறது. பிரேசில் இன்னும் தூரம் போனது. அந்நாட்டின் வடகிழக்கில் காட்டிங்கா என்ற முட்காடு, மழை குறைந்த பூமி. அங்கே தானாக வளரும் பாசிஃப்ளோரா சின்சினாட்டா என்ற காட்டுக்கொடியின் பழத்தை மக்கள் தலைமுறைகளாகப் பறித்து வந்தார்கள். எம்ப்ராபா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் கொடிகளில் நல்லவற்றைத் தேர்ந்து, 2016ல் ‘பிஆர்எஸ் செர்டாவோ ஃபோர்ட்டே’ என்ற ரகமாக வெளியிட்டது. பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும், சதை நல்ல புளிப்பு. மலை ரகத்தைப் பாலைக்கு இழுத்து வந்து பாடுபடாமல், அந்த மண்ணிலேயே கிடந்த உறவுக்கொடியைப் பயிராக்கினார்கள். இந்தக் குடும்பத்தில் 500க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கும்போது, நாம் ஒரே இனத்தின் இரண்டு ரகங்களோடு நின்றுவிட்டோம்.

நம் வேலியிலும் ஓர் உறவுக்கொடி உண்டு. சிறுபூனைக்காலி. வாலாஜாபாத் சாலையோர முள்ளிலும், ஏரிக்கரையிலும், விற்காத மனையிலும் படரும். இலையைக் கசக்கினால் நாறும். கோலிக்குண்டு அளவுப் பழம், அதைச் சுற்றி வலை போன்ற பச்சைச் செதில்கள். அந்தச் செதிலின் பிசினில் சிறு பூச்சிகள் ஒட்டிச் சாகும். பழுத்ததைச் சிறுவர்கள் தின்பார்கள். காய் நஞ்சு, தின்னக்கூடாது. இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், சில நாடுகளில் களையாகப் பெருகித் தொல்லை கொடுத்திருக்கிறது. ஆனாலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நம் கோடையைக் கடந்துவிடுகிறது.

இதைத் தாட்பூட்டோடு நேரடியாகக் கலப்பினம் செய்வது கடினம். தாட்பூட்டுக்கு 18 குரோமோசோம், இதற்குப் பெரும்பாலும் 20. இதன் பூ அதிகாலையில் விரிந்து முற்பகலில் மூடும், மஞ்சள் தாட்பூட் அதன் பிறகுதான் விரியும். ஆகவே எளிய வழி ஒட்டுக்கட்டுவது: வேர் சிறுபூனைக்காலி, மேலே தாட்பூட். பிரேசிலில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தண்டு மெலிசாக இருப்பதுதான் சிக்கல். வேர்க்கொடி வறட்சிக்கு உதவலாம், பூக்கும் குணம் மேல்கொடியுடையது. அதனால் சூட்டில் பூக்கும் மஞ்சள் கொடிகளைத் தனியே தேடத்தான் வேண்டும். பல இடத்து விதைகளைச் சமவெளியிலேயே முளைக்கவைத்து, மே மாதத்தைத் தாண்டிப் பூப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி தங்களுக்குள் கலக்க வேண்டும். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில், நாலைந்து விவசாயிகளின் கிணற்றடியோடு சேர்த்து இதைத் தொடங்கலாம். வேலியோரக் கொடியின் விதையை மட்டும் இந்த ஆண்டே எடுத்து வைக்க வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை விரிய விரிய முள்வேலி இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் எழும்புகிறது.